ஓர் எர்த் பட்டையின் கதை

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

"எர்த் என்றால் என்ன?"

நண்பர்களே, வைவாவில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தவர்கள் நம்மில் யார்? "கசிகிற மின்சாரத்தைப் பூமிக்குள் அனுப்புவது சார்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு அப்பாடா என்று மூச்சு விடுவோம். ஆனால் வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் அவ்வளவு சுலபத்தில் விடுவாரா? "சரிப்பா... வண்டிக்கு நாலு டயரும் ரப்பர். ரப்பர்ல மின்சாரம் போகாது. அப்போ வண்டியில எர்த் எங்கேருந்து வந்துச்சு?" என்பார். அவ்வளவுதான், நம் பார்வை மேலே சுழல்கிற மின்விசிறிக்குப் போய்விடும்.

என் முறை வந்தபோது நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை. "சார், வண்டியில எர்த்னா பூமி இல்ல. பேட்டரியோட நெகடிவை சேசிஸ்ல சேர்த்துடறாங்க. ஒவ்வொரு விளக்குக்கும் ரெண்டு வயர் இழுக்காம, ஒரு வயர்ல போற கரண்ட் வண்டியோட இரும்பு உடம்பு வழியா பேட்டரிக்குத் திரும்பி வந்துடுது. திரும்பி வர்ற அந்தப் பாதைக்குப் பேர்தான் எர்த்" என்று மடமடவென்று சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். முழு மார்க்!

அந்த முழு மார்க் வாங்கிய மகானுபாவன் சொந்த அப்பாவின் வண்டியில் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்களுக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பா சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன் வைத்து ஓட்டுகிறார். சிறுமலையிலிருந்து வாழைத்தார், பலா, எலுமிச்சை, என்ன லோடு கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு இறக்குவார். தோட்டத்திலிருந்து ரோட்டடி வரை தார்களைக் குதிரை சுமந்து வரும். ரோட்டடியிலிருந்து எங்கள் வேன் சுமக்கும். நான் பாலிடெக்னிக்கில் கட்டிய ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில், அரியர் ஃபீஸ் (ஆமாம், ஒன்று இருந்தது!) எல்லாமே அந்த வேன் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிச் சம்பாதித்ததுதான்.

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் வேனுக்கு எஃப்சி வந்தது. எஃப்சிக்குப் போகிற வண்டியை எப்படிச் சிங்காரிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயிண்டருக்குக் கொடுக்கிற கூலியை மிச்சம் பிடிக்கலாமென்று, "அப்பா, சேசிஸை நான் பாத்துக்கிறேன், நீங்க விடுங்க" என்றேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. வண்டிக்கு அடியில் படுத்து எழுவது சிரமம். மூன்று நாள் நான் அடியிலேயே கிடந்தேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிளாக் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். மேலோட்டமாக அடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். கிளாம்பு, பட்டை, பிராக்கெட் என்று கைக்கு வந்ததையெல்லாம் கழற்றி, அடியிலும் விடாமல் அடித்து, காய்ந்ததும் திரும்ப மாட்டினேன். எஃப்சி முதல் தடவையிலேயே கிடைத்தது. அப்பா அக்கம்பக்கத்து டிரைவர்களைக் கூப்பிட்டு, "குனிஞ்சு பாருங்கப்பா, என் மகன் அடிச்சது" என்று காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்தபோதுதான் வேனுக்கு ஏழரை ஆரம்பித்தது.

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் "ங்ங்... ங்ங்..." என்று கிழவர் மாதிரி முனகும். நாலு தடவை முயன்றால் ஒரு தடவை இன்ஜின் பிடிக்கும். இரவில் ஹெட்லைட் மஞ்சளாக, சிம்னி விளக்கு மாதிரி எரியும். ஹாரன் அடித்தால் விளக்கு கண் சிமிட்டும். அப்பா ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, "என்னடா இது, வண்டி இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார். மெக்கானிக்கைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். ஏனென்றால் நான்தானே ஆட்டோமொபைல் படிக்கிறேன்?

அந்த வாரக் கடைசியில் மல்டிமீட்டரும் கையுமாக ஊருக்குப் போனேன். பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், 12.1 வோல்ட். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியுமே! "பேட்டரி போச்சுப்பா" என்றேன். டாக்டர் உதட்டைப் பிதுக்குகிற மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது பேட்டரி வாங்கினோம். பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டோம். புது பேட்டரி வந்ததும் வண்டி ஒரு வாரம் ஜம்மென்று கிளம்பியது. எட்டாவது நாள் பழைய முனகல்!

"அப்ப செல்ஃப் மோட்டார்தான்பா" என்று அடுத்த தீர்ப்பைச் சொன்னேன். கார்பன் பிரஷ் மாற்றி, புஷ் மாற்றி, அதற்கு ஒரு இரண்டாயிரம். முனகல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

எர்த்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேனே! மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் இன்னொரு முனையை இன்ஜினிலும் வைத்தேன். 0.3 காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். அதாவது வயரின் ரெசிஸ்டன்ஸ் கழித்தால் பூஜ்ஜியம். "எர்த் பக்கா" என்று அப்பாவிடம் சொன்னேன். மீட்டர் பொய் சொல்லவில்லை, நண்பர்களே. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டேன். அது பிறகுதான் புரிந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, லோடு ஏற்ற நானும் அப்பாவோடு மலைக்குப் போயிருந்தேன். தார் ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலையில் இருட்டு சீக்கிரம் வரும், கூடவே தூறலும் பனிமூட்டமும். அப்பா சாவியைத் திருப்பினார். முனகல். மறுபடி, மறுபடி. ஏழெட்டு தடவைக்கு அப்புறம் இன்ஜின் பிடித்தது. அப்போது ஏதோ பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை. "என்னமோ கருகுதுடா" என்றார் அப்பா. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். புகை இல்லை, பொறி இல்லை. "ஒண்ணும் இல்லப்பா, போலாம்" என்றேன்.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக வந்துகொண்டிருந்தோம். ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. ஐந்தாறு வளைவு தாண்டியிருப்போம். நடுவில் கொஞ்சம் சமதளம் வந்தது. அப்பா ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தார். அடுத்த வளைவு வந்ததும் காலை எடுத்தார். ஆனால் பெடல் திரும்பி வரவில்லை!

இன்ஜின் தானாக வண்டியைத் தள்ளுகிறது. எதிரே வளைவு. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளட்ச்சை மிதித்தார். இன்ஜின் காது கிழிகிற மாதிரி அலறியது. இடது கையால் இன்ஜினை நிறுத்துகிற நாபைப் பிடித்து இழுத்தார், கூடவே பிரேக். வண்டி பக்கச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். சில நிமிஷம் இரண்டு பேருமே பேசவில்லை. தூறல் கூரையில் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

டார்ச் வெளிச்சத்தில் ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றினோம். உள்ளே இருக்கிற கம்பி உறையோடு ஒட்டிக் கொண்டிருந்தது. இறக்கத்திலேயே உருட்டி கியர் போட்டு இன்ஜினைப் பிடிக்கவைத்து, ஆக்ஸிலேட்டரே இல்லாமல் ஐடிலில் ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம். டீக்கடை ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு லாரி பிடித்து வீடு வந்தோம். அப்பா அம்மாவிடம், "கேபிள் கட்டாயிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அப்பாவுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் பைக்கில் வந்தார். கையில் ஒரு பழைய டெஸ்ட் லேம்ப், ஒரு ஜோடி ஜம்பர் கேபிள், நாலு ஸ்பானர். மீட்டர் கூட இல்லை. ஒட்டிப்போன கேபிளை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். "அண்ணே, இது தேஞ்சு போன கேபிள் இல்ல. வெந்து போன கேபிள்" என்றார்.

"கேபிள் எப்படிண்ணே வேகும்?" என்றேன்.

"கரண்ட் ஓடுனா வேகும் தம்பி."

ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகடிவில் கடிக்க வைத்தார். மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில் கடிக்க வைத்தார். "அண்ணே, இப்ப அடிங்க."

அப்பா சாவியைத் திருப்பினார். "டர்ர்ர்" என்று ஒரே சுற்று! வண்டி புதுசாக இருந்த காலத்தில் கூட அப்படிக் கிளம்பியதில்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். மூன்று நிமிஷம்தான் ஆனது. நான் இரண்டு மாதமாக ஒன்பதாயிரம் ரூபாய் செலவு வைத்துத் தேடிய நோயை, அந்த அண்ணன் மூன்று நிமிஷத்தில் பிடித்துவிட்டார்.

"எர்த் பட்டை" என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டிக்கு அடியில் போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, படம் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் சேசிஸ் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கவில்லை. அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வண்டியின் உடம்போடு இன்ஜினுக்கு மின் உறவு வேண்டுமானால் தனியாக ஒரு பாதை போட வேண்டும். அதுதான் செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த அந்தப் பட்டை. எங்கள் வேனில் பேட்டரி நெகடிவ் சேசிஸுக்கு வரும், சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் பட்டை போகும்.

செல்ஃப் மோட்டார் இன்ஜினில் மாட்டியிருக்கிறது. அதற்கு பாசிட்டிவ் தடித்த கேபிளில் வருகிறது, திரும்பிப் போவது இந்தப் பட்டை வழியாகத்தான். ஆல்டர்னேட்டரும் இன்ஜினில்தான் இருக்கிறது. அது சார்ஜ் கொடுத்தாலும், ஹெட்லைட்டுக்குக் கரண்ட் கொடுத்தாலும், அத்தனையும் சேசிஸ் வழியே வந்து இந்தப் பட்டையில்தான் வீடு திரும்ப வேண்டும். ஆக, பட்டை கெட்டால் செல்ஃப் முனகும், பேட்டரியில் சார்ஜ் ஏறாது, விளக்கு மங்கும். மூன்று நோய் என்று நான் நினைத்தது ஒரே நோய்.

பட்டை வழிவிடாவிட்டால் கரண்ட் சும்மா இருக்குமா? இன்ஜினையும் உடம்பையும் இணைக்கிற வேறு இரும்பைத் தேடும். எங்கள் வண்டியில் அது கண்டுபிடித்த இரும்பு, பெடலிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ஆக்ஸிலேட்டர் கேபிள்! பென்சில் பருமன் கூட இல்லாத கம்பி. அதில் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் பாய்ந்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை உருகாமல் என்ன செய்யும்?

அண்ணன் பட்டையைக் கழற்றுவதற்கு முன், "ஒரு நிமிஷம்ணே" என்று கெஞ்சி, ஜம்பரை எடுக்கச் சொல்லி, என் மீட்டரை இந்தத் தடவை வோல்ட்ஸில் வைத்தேன். ஒரு முனை பேட்டரி நெகடிவ், இன்னொரு முனை இன்ஜின் பிளாக். அப்பா ஒரே ஒரு முறை செல்ஃப் அடித்தார். 3 வோல்ட்! திரும்பி வருகிற வழியில் மட்டும் 3 வோல்ட் தொலைகிறது. 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது எப்படியும் பத்தரைக்கு இறங்கும். அதில் 3 போனால் மோட்டாருக்கு மிச்சம் ஏழரைதான். நான் ஏழரை என்று சொன்னது சரிதானே!

இப்போது ஓம் விதியைப் போடுங்கள். செல்ஃப் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3 வகுத்தல் 200, அதாவது 0.015 ஓம். ஓர் ஓமில் நூறில் ஒன்றரைப் பங்கு! 0.1 ஓமுக்குக் கீழே படிக்கத் தெரியாத என் மீட்டர் இதை எப்படிக் காட்டும்? அது தன் பேட்டரியிலிருந்து ஒரு துளி கரண்டை அனுப்பி, "வழி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கிறது. ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் "இருக்கிறது" என்று பதில் வரும். ஆனால் 200 ஆம்பியர் வரும்போது அந்த வழி தாங்குமா என்பது வேறு கேள்வி. சும்மா இருக்கும்போது எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான், சுமை வரும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். அதே 200 ஆம்பியரை 3 வோல்ட்டால் பெருக்கினால் 600 வாட். கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்த ஒரு மூட்டிலும் அந்தக் கேபிளிலும் இறங்கியிருக்கிறது. கருகிய வாடை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் இருந்ததெல்லாம் சரிதான். நான்தான் அதை ஏட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "அண்ணே, யாரு இங்க பெயிண்ட் அடிச்சது?"

குனிந்து பார்த்தேன். பட்டையைக் கழற்றிப் பிடித்திருந்தார். அது உட்கார்ந்திருந்த இடத்தில் சேசிஸ் மேல் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். இரண்டு கோட். என் கைவேலை! பட்டையைக் கழற்றி, "அடியிலும் விடாமல்" அடித்து, பெயிண்ட் மேலேயே போல்ட் போட்டிருக்கிறேன். போல்ட்டின் மரை மட்டும் எங்கோ இரும்பைத் தொட்டுக்கொண்டு இரண்டு மாதம் சமாளித்திருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கி அந்த மரையிலும் துரு பிடித்ததும் அந்த வழியும் அடைந்துவிட்டது.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "நான்தாம்ப்பா. எஃப்சி அவசரத்துல அடிச்சுட்டேன்."

அண்ணன் சிரித்தார். "இத்தன வருஷம் ஓட்டுறீங்க, எர்த்துல பெயிண்ட் அடிக்கலாமாண்ணே?" என்றார். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த அண்ணன் அன்றைக்குச் செய்ததையும், பிறகு அவர் சொல்லிக் கொடுத்து நான் செய்ததையும் எழுதுகிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியைக் கழற்றுவோம் அல்லவா, எப்போதும் நெகடிவ் முதலில். மாட்டும்போது நெகடிவ் கடைசியில். காரணம் சுலபம். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் அப்படியே ஷார்ட். ஸ்பானர் பழுக்கும், கை வேகும், பேட்டரி வெடித்தாலும் ஆச்சரியமில்லை.

எர்த் உட்காருகிற இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். பட்டையின் முனையையும் அதேபோல் தேய்க்க வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கினால் அதன் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் அல்லது கிரீஸ் தடவினால் தண்ணீர் இறங்காது. பெயிண்ட் அடிக்க ஆசையிருந்தால் இறுக்கிய பிறகு மேலே அடித்துக்கொள்ளுங்கள். அடியில் கூடாது! பழைய பட்டையில் பாதி இழை பச்சை பூத்து ஒடிந்திருந்ததால் புதுப் பட்டை போட்டோம். லக்கைக் குறடால் நசுக்காமல் அதற்கான கிரிம்பிங் டூலில் அழுத்தி வாங்கினோம். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு வருகிற எர்த் கேபிளையும் பாசிட்டிவ் கேபிளின் தடிமனுக்கே மாற்றினோம். போகிற கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டுமே, வருகிற வழி மட்டும் ஏன் ஒல்லியாக இருக்க வேண்டும்? எல்லாம் முடிந்து மறுபடி செல்ஃப் அடித்து அளந்தேன். 3 வோல்ட் இருந்த இடத்தில் 0.2.

ஹெட்லைட் இன்னும் கொஞ்சம் மங்கலாகவே இருந்தது. அதையும் இப்போது எரியவிட்டபடியே அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.2, பல்பின் பின்னால் 11. எங்கே போயிற்று 2.2 வோல்ட்? டிம்மில் 55 வாட் பல்பு இரண்டு, சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கரண்ட் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வரை வந்து, தேய்ந்த அந்தப் பாயிண்ட்டைத் தாண்டி, ஒல்லி வயரில் திரும்ப முன்னால் போய், முன் பக்கம் துருப் பிடித்த ஒரு ஸ்குரூவில் எர்த் ஆகிறது. இழை பல்பில் வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட பாதி போய்விடும்!

அதற்கு மருந்து ரிலே. சுவிட்ச் வேலை ரிலே காயிலை இழுப்பது மட்டும், அதற்கு கால் ஆம்பியர் கூட வேண்டாம். பல்புக்குப் போகிற கரண்டை பேட்டரியிலிருந்து நேராக, பியூஸ் போட்டு, தடித்த வயரில் ரிலேயின் 30, 87 வழியாகக் கொடுத்துவிட்டோம். 85, 86 காயிலுக்கு. பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் நடுவில் வயர் தேய்ந்து பாடியில் பட்டாலும் பியூஸுக்குத் தெரியாது. இரண்டு ஹெட்லைட்டுக்கும் தனித்தனியாக எர்த் வயர் இழுத்து, சுத்தம் செய்த ஒரே புள்ளியில் சேர்த்தோம். அன்று இரவு அப்பா மலையேறிப் போய் இறங்கி வந்து, "டேய், பகல் மாதிரி இருக்குடா" என்றார். வாட் கூடிய பல்பு எதுவும் போடவில்லை. அதே பல்புதான், அதற்குச் சேர வேண்டியது சேர்ந்தது, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. இப்போது வருகிற புது வண்டிகளில் கம்ப்யூட்டர், சென்ஸார், ஏர்பேக் என்று ஏகப்பட்டது இருக்கிறது. சென்ஸார்களுக்குத் தனி எர்த் புள்ளி உண்டு. நம் இஷ்டத்துக்கு அதில் ஹாரனையும் விளக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது. பல வண்டிகளில் பேட்டரி நெகடிவிலேயே கரண்டை அளக்கிற சென்ஸார் உட்கார்ந்திருக்கும். வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். சேசிஸில் வெல்டிங் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வையுங்கள். எங்கள் ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு நடந்தது உங்கள் வண்டியில் ஒரு பேரிங்குக்கோ கம்ப்யூட்டருக்கோ நடக்கலாம்.

எக்ஸாமினரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. 1838-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்குத் திரும்பி வர இரண்டாவது கம்பி தேவையில்லை, பூமியையே திரும்பும் பாதையாக வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அங்கே எர்த் நிஜமாகவே பூமிதான். வண்டியில் பூமியின் இடத்தில் சேசிஸ் நிற்கிறது. 1960கள் வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவைத்தான் உடம்போடு சேர்த்திருந்தார்கள். ஆக, நெகடிவா பாசிட்டிவா என்பது கூட முக்கியமில்லை. வழி திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். பாசிட்டிவுக்குச் சிவப்பு வயர் போட்டு, பியூஸ் போட்டு, மூடி போட்டுக் காப்பாற்றுகிறோம். திரும்பி வருகிற வழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. வண்டி சரியான அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, நான் அடிச்ச பெயிண்ட்டுக்கு நீங்க ஏன் அடிச்சேன்னு சொன்னீங்க?"

அப்பா சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ அந்தத் தொழிலுக்குப் போறவன்டா. அவரு நாலு பேருகிட்ட சொல்லுவாரு. எனக்கென்ன, நான் டிரைவர்தானே."

அம்மாவின் சீட்டுப் பணம் ஏழாயிரத்தை வேலைக்குப் போனதும் கொடுத்துவிடலாம். பக்கச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மிச்சமிருந்த அந்த ஒரு முழத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அதனால்தான் இதை எழுதினேன். இந்த மலரின் ஒரு பிரதியை அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொடுக்கப் போகிறேன்.

அண்ணே, எர்த்தில் பெயிண்ட் அடித்தது எங்கப்பா இல்லை. நான்தான்!